ஐந்து சீட்டா, ஏழு சீட்டா? பினாங்குப் பாலம் கடக்கும் குடும்பத்துக்கு ஏற்ற எஸ்யூவி

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் பழைய செடான் காரில் ஏறுவதென்றால் முதலில் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பார். அப்புறம் பின்பக்கமாக மெல்லத் தாழ்வார். கடைசி அரை அடியில் கால் தாங்காமல் பொத்தென்று சீட்டில் விழுவார். இறங்கும்போது நானோ வீட்டுக்காரரோ இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். போன தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில், "நீங்க எல்லாம் போயிட்டு வாங்கம்மா, நான் வீட்டுலேயே கும்பிட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போகாமல் இருக்கிறவர் இல்லை அவர். அன்றைக்குத்தான் வண்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

நாங்கள் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில். தினமும் காலையில் பாலம் கடக்கிறேன். 13.5 கிலோமீட்டர் பாலம். நெரிசல் நாளில் பாதி தூரத்துக்குமேல் ஊர்ந்துதான் போக வேண்டும். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. என் அப்பா ஈப்போவில் இருக்கிறார். மாதம் ஒரு முறை அங்கே போவோம். பண்டிகை நாட்களில் நாத்தனாரும் அவர் பிள்ளையும் சேர்ந்துகொள்வார்கள். ஆக வழக்கமாக ஐந்து பேர், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஏழு பேர். இந்தக் கணக்கை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளாமல் ஷோரூமுக்குப் போனது நாங்கள் செய்த தவறு. விற்பனையாளர் காட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டு இரண்டு வாரத்தை வீணாக்கினோம்.

அதற்குப் பிறகு ஏற்கெனவே ஓட்டுகிறவர்களைத் தேடிப் போனேன். சொந்தக்காரர்கள், வேலையிடத்து நண்பர்கள், மகளின் தமிழ்ப்பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என்று பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசியிருப்பேன். "வண்டி எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மாதாமாதம் லோன் கட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்? அதனால் கேள்வியை மாற்றினேன். கடைசியாக எதற்குப் பட்டறைக்குப் போனீர்கள், எத்தனை நாள் வண்டி இல்லாமல் இருந்தீர்கள், பொருளுக்குக் காத்திருந்தீர்களா, இன்றைக்கு வாங்கினால் இதையே வாங்குவீர்களா? இந்த நான்கையும் கேட்டால்தான் உள்ளதைச் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு சென்சாருக்காக ஏழு வாரம் காத்திருந்த கதையைச் சொன்னார். அவ்வளவு நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கு கிராப் வண்டியில்தான் அனுப்பியிருக்கிறார்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நம் நாட்டில் கார் லோன் 9 ஆண்டு வரை போகும். நம் நாட்டு நிறுவனங்களான புரோட்டானும் பெரோடுவாவும் கொடுக்கும் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். 9 ஆண்டு லோன் எடுத்தால் கடைசி 4 ஆண்டு வண்டியின் செலவு முழுக்க நம் தலையில், லோனும் பாக்கி. ஆறு மாதம் ஓட்டியவரின் மகிழ்ச்சி எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. ஐந்து ஆண்டு தாண்டியவரைக் கண்டால் காப்பி வாங்கிக் கொடுத்தாவது உட்காரவைத்துப் பேசினேன்.

எங்கள் பட்டியலில் கடைசியாக நின்றவை ஐந்து: பெரோடுவா அருஸ், புரோட்டான் எக்ஸ்70, எக்ஸ்90, டொயோட்டா கொரோல்லா கிராஸ் ஹைப்ரிட், பழைய வண்டியாக மஸ்டா சிஎக்ஸ்-8. ஹோண்டா சிஆர்-வி நல்ல வண்டிதான். ஆனால் 2023 கடைசியில் வந்த புதிய மாடல் 1,59,900 வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கியது, அதுவும் ஐந்து சீட்டுக்கு. அந்த விலை எங்களுக்கு எட்டாது.

முதலில் அருஸ். வீட்டுக்காரரின் மனம் இதில்தான் இருந்தது. 2019 ஜனவரியில் 72,900 வெள்ளிக்கு வந்தபோது ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி அந்த விலையில் கிடைத்தது பெரிய விஷயம். சுங்கை பட்டாணியில் இருக்கும் சித்தப்பா அந்த ஆண்டே வாங்கினார். இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறார். அவர் அடிக்கடி சொல்வது: "எந்த ஊர்ல நின்னாலும் பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பான்மா." உண்மைதான். அதிலிருக்கும் 1.5 எஞ்சின் பெரோடுவாவின் சின்னக் காரான மைவியில் வரும் அதே குடும்பத்து எஞ்சின். கியர்பாக்ஸ் பழைய பாணி 4 கியர் ஆட்டோமெட்டிக். வியக்க வைக்கும் தொழில்நுட்பம் இல்லை, அதனாலேயே பயமும் இல்லை. உத்தரவாதம் முடிந்த பிறகும் சித்தப்பாவின் செலவுக் கணக்கில் டயர், பேட்டரி, பிரேக், எண்ணெய் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் ஓட்டிப் பார்த்தால் வேறு சங்கதி தெரிகிறது. 102 குதிரைத்திறன், இழுவிசை 133 நியூட்டன் மீட்டர். ஆறு பேரோடும் பைகளோடும் குவாலா கங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போது கியர் ஒன்று கீழே இறங்கி எஞ்சின் கத்தத் தொடங்கும். லாரி வரிசையை முந்த வேண்டுமானால் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். சித்தப்பா அதற்குப் பழகிவிட்டார். இடது தடத்தில் அமைதியாகப் போகிறார். மாதம் ஒரு முறை அதே வழியில் போகிற எனக்கு அது அலுப்பாக இருக்கும் என்று தோன்றியது.

தரையிலிருந்து உயரம் 220 மில்லிமீட்டர். 2017 நவம்பரில் பினாங்கு முழுக்க வெள்ளம் வந்தபோது எங்கள் தாமானில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அந்த நினைவு இருக்கிறவர்களுக்கு இந்த உயரம் ஒரு நிம்மதி. மாமியாருக்கோ அது தலைகீழ். அவர் ஐந்தடிக்கும் குறைவு. செடானில் சீட் மிகத் தாழ்வு. அருஸில் தளம் மிக உயரம். ஒரு காலை உள்ளே வைத்து, அந்தக் காலில் முழு எடையையும் போட்டு எழும்ப வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அதுதான் முடியாத வேலை. கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை முயன்றார், மூன்றாவது முறை சிரித்துக்கொண்டே விலகிவிட்டார். எஸ்யூவி என்றால் வயதானவர்களுக்கு வசதி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. சீட்டின் விளிம்பு அவருடைய இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும், தளம் முழங்காலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இது ஆளுக்கு ஆள் மாறும். ஏறப்போகிறவரையே கூட்டிப்போய் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏழு சீட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அருஸில் இரண்டாவது வரிசையை ஒரே இழுப்பில் மடித்துக் கவிழ்த்துப் பின்னால் போகலாம். ஷோரூமில் அது அழகாக வேலை செய்யும். 2020 ஜனவரி 1 முதல் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை நம் நாட்டில் கட்டாயம். மகனுடைய இருக்கையை ஐசோஃபிக்ஸில் (சீட்டோடு வரும் கொக்கியில்) மாட்டியபிறகு அந்தப் பக்கத்துச் சீட்டை மடிக்க முடியாது. மறுபக்கத்தில் மகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை. அதையும் எடுத்து, மடித்து, பின்னால் ஆளை அனுப்பி, திரும்பப் போட்டு, பெல்ட் மாட்டி... மழையில் பள்ளி வாசலில் இதைச் செய்து பாருங்கள். அப்படியே போய் உட்கார்ந்தாலும் அங்கே இருக்கை தளத்தை ஒட்டி இருப்பதால் பெரியவர்களுக்கு முட்டி நெஞ்சருகே வந்துவிடும். ஏர்கோன் காற்று இரண்டாவது வரிசைக்குமேல் கூரையிலிருந்து வருகிறது. பின்னால் இருப்பவர்கள் அது வந்து சேரும்வரை வியர்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பாலேக் பூலாவ் மலைப்பாதையில் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து வளைந்து வளைந்து போனால் பிள்ளைகளுக்கு வாந்தி வராமல் இருப்பது அபூர்வம்.

இவ்வளவும் சொன்னாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆறேழு பேரை ஏற்ற வேண்டிய குடும்பத்துக்கு, ஒரு லட்சத்துக்குள் வாங்கக்கூடியது இன்னும் அருஸ்தான் என்பேன். எங்களுடைய தேவை அந்த அளவுக்கு இல்லை.

எக்ஸ்90 எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2023 மே மாதம் வந்தது. அப்போது விலை 1,23,800 வெள்ளியில் தொடங்கி 1,52,800 வரை. 1.5 டர்போவோடு 48 வோல்ட் சிறு மின்துணை, 190 குதிரைத்திறன். மேல்வகையில் ஆறு சீட். நடுவரிசையில் இரண்டு தனி நாற்காலி, இடையில் வழி. பிள்ளை இருக்கைகளைக் கழற்றாமலேயே மகள் அந்த வழியாகப் பின்னால் ஓடிப் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசைக்கும் காற்று வருகிறது. ஏழு பேர் வண்டியில் நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் அந்த வசதி இருப்பது விலை கூடிய வகையில். இன்னொன்று, வண்டியின் நீளம் 4.83 மீட்டர். வீட்டுக்கு வந்து போர்ச்சை அளந்தோம். சுவரிலிருந்து கேட் வரை சரியாக 5 மீட்டர். கேட்டோ உள்பக்கம் திறப்பது. வண்டியை நிறுத்தினால் கேட்டை மூட முடியாது. பின்பக்கப் பூட் கதவைத் திறக்க வேண்டுமானால் வண்டியை முதலில் வெளியே எடுக்க வேண்டும். கேட்டை மாற்றலாம் என்றார் வீட்டுக்காரர். வாடகை வீட்டில் அந்தச் செலவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதே காரணத்தால் சிஎக்ஸ்-8 உடனே விழுந்தது, அது 4.9 மீட்டர். அளவு பிரச்சினை இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளே அமைதி, இருக்கையின் தரம், ஓட்டும் சுகம் இவற்றில் இந்த ஐந்தில் அதுதான் முதலிடம். ஓட்டிப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவே இல்லை. ஆனால் 2.5 லிட்டர் எஞ்சினுக்கு ஆண்டுச் சாலை வரி பல நூறு வெள்ளி, 1.5 எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 100 வெள்ளி. டீசல் வகை மலையேற்றத்தில் அருமை. ஆனால் 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் நின்று லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. மலிவு டீசலை நம்பி வாங்கியவர்களின் கணக்கு அன்றே மாறிவிட்டது. டீசல் வகை பழைய வண்டிச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஏன் என்று யோசியுங்கள். எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கொஞ்சமா நஞ்சமா?

கொரோல்லா கிராஸ் ஹைப்ரிட்டில் மாமியார் யார் உதவியும் இல்லாமல் ஏறினார். 161 மில்லிமீட்டர்தான் தரை உயரம். சீட் அவர் இடுப்புக்குச் சரியாக வந்தது. ஏறி உட்கார்ந்து கதவையும் தானே சாத்திக்கொண்டார். பாலத்து நெரிசலில் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும், மின்மோட்டாரில் சத்தமில்லாமல் ஊர்ந்து போகலாம். வேலையிடத்துத் தோழி ஒருத்தி இதைத்தான் ஓட்டுகிறாள். நூறு கிலோமீட்டருக்கு ஐந்தரை லிட்டர் என்கிறாள்.

அப்படியானால் ஏன் அதை எடுக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். எக்ஸ்70 நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 54 லிட்டர் வித்தியாசம். மானிய விலையில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் ஏறக்குறைய 2 வெள்ளி. ஆக மாதம் 110 வெள்ளி மிச்சம். ஒன்பது ஆண்டுக்குச் சேர்த்தால் சுமார் 12,000. இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசமோ 30,000க்கு மேல், அதற்கு வட்டி வேறு. பெட்ரோல் மலிவாக இருக்கும்வரை நம் ஊரில் ஹைப்ரிட் போட்ட காசை மெதுவாகத்தான் திருப்பித் தரும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால் கணக்கு வேறு. அவர்கள் தாராளமாக எடுக்கலாம். இன்னொரு குறை: பின்சீட்டில் இரண்டு பிள்ளை இருக்கைகளை மாட்டி நடுவில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமியார் முன்சீட்டில், வீட்டுக்காரர் ஓட்டுகிறார் என்றால் ஈப்போ வரைக்கும் என் இடம் அதுதான்.

மின்சார வண்டி பார்க்கவில்லையா என்றும் சிலர் கேட்டார்கள். புரோட்டானின் மின்சார வண்டியான இமாஸ் 7, 2024 டிசம்பரில் வந்ததிலிருந்து பலர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சொந்த வீடு இருந்தால் பார்த்திருப்பேன். வாடகை வீட்டில் சார்ஜருக்கு ஒயரிங் செய்ய முடியாது, விட்டுவிட்டோம்.

கடைசியாக எக்ஸ்70. இந்த வண்டி ஒரே பெயரில் மூன்று விதமாக இருக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் வந்தது சீனாவிலிருந்து இறக்குமதியானது: 1.8 டர்போ, 6 கியர் ஆட்டோமெட்டிக். 2020 பிப்ரவரியிலிருந்து வந்தது இங்கே தஞ்சோங் மாலிம் ஆலையில் பாகங்களைச் சேர்த்துச் செய்தது: அதே 1.8, ஆனால் 7 கியர் இரட்டை கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் ஆட்டோமெட்டிக்). 2022இல் மூன்று சிலிண்டர் 1.5 டர்போ சேர்ந்தது: 177 குதிரைத்திறன். ஒருவர் "எக்ஸ்70 பெட்ரோலைக் குடிக்குது" என்றால் எந்த எக்ஸ்70 என்று கேளுங்கள். 1.8 வைத்திருக்கும் மூன்று பேரும் நகரத்துக்குள் பத்து லிட்டருக்கு மேல் என்று ஒரே குரலில் சொன்னார்கள். 1.5 ஓட்டுகிறவர்கள் சற்றுக் குறைவு என்றார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. சாலை வரியில்தான் 1.8க்கும் 1.5க்கும் நன்றாகத் தெரியும்.

இரட்டை கிளட்சைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. வேறொரு வண்டியில் கியர்பாக்ஸ் பழுதாகி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு நின்றவள் நான். அதனால் டெஸ்ட் டிரைவை மாலை ஆறு மணிக்குக் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே நெரிசலில் கொண்டுபோனேன். அங்குலம் அங்குலமாக நகரும்போது லேசாக ஒரு இழுப்பு தெரிகிறது. ஐந்து ஆண்டு ஓட்டிய அண்ணன் ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: முன்வண்டி நகர்ந்த உடனே பின்னாலேயே ஊராதே, ஒரு வண்டி இடைவெளி விழட்டும், பிறகு பிரேக்கை முழுசாக விட்டு ஒரே சீராகப் போ. இந்த வகைக் கியர்பாக்ஸில் பாதி ஊர்தலில்தான் கிளட்ச் சூடாகித் தேய்கிறது. அடுத்த நாள் இன்னொரு முறை கேட்டு அப்படியே ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. பாலத்தில் இடைவெளி விட்டால் நாலு பேர் நுழைவார்கள். நுழையட்டும்.

மெனோரா ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட் 512 லிட்டர்; மடக்குத் தள்ளுவண்டி, மாமியாரின் வாக்கர், இரண்டு பெட்டி, அப்பா கட்டிக் கொடுக்கும் பொமேலோப் பழங்கள் எல்லாம் போகும். இரண்டு பிள்ளை இருக்கைக்கு நடுவே அரைமணி நேரம் உட்கார்ந்தேன். சுகம் என்று சொல்லமாட்டேன், முடிகிறது. மாமியார் இடது கையால் மேல்பிடியைப் பிடித்து, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தார். கொரோல்லா கிராஸ் அளவுக்கு எளிது இல்லை. ஆனால் யாரும் தாங்க வேண்டியிருக்கவில்லை. போர்ச்சில் 4.52 மீட்டர் வண்டி நின்றும் கேட் தாராளமாக மூடும்.

ஆக 1.5 எக்ஸ்70, 19 அங்குலச் சக்கரம் வரும் மேல்வகை வேண்டாம் என்று எடுத்தோம். பெரிய சக்கரத்துக்கு டயர் விலை கூடுதல், குழியில் விழுந்தால் அதிர்வும் கூடுதல். லோனுக்கு வங்கி 9 ஆண்டு கொடுத்தது, 7 ஆண்டு கேட்டோம். ஒரு லட்சத்துக்கு 3 விழுக்காடு நிலைவட்டி (ஒவ்வோர் ஆண்டும் முழுக் கடனுக்கும் கணக்கிடும் வட்டி) என்று வைத்தால் 9 ஆண்டில் மாதம் 1,176 வெள்ளி, 7 ஆண்டில் 1,440. மாதம் 264 கூடுதல். வட்டியில் 6,000 மிச்சம். உத்தரவாதம் முடிந்தபிறகு லோன் ஓடும் காலமும் நான்கிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைகிறது. அந்த இரண்டு ஆண்டுக்காக மாதம் 100 வெள்ளி தனியாகப் போட்டு வைக்கிறோம், வண்டிக்கு மட்டும்.

வீட்டுக்காரருக்கு ஏழு சீட் இல்லையே என்ற குறை இன்னும் இருக்கிறது, தங்கையை நினைத்து. நாத்தனாரிடம் மைவி இருக்கிறது. தீபாவளிக்கு ஈப்போ போகும்போது இரண்டு வண்டியாகப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பாட்டி எந்த வண்டியில் என்று மகளும் நாத்தனார் பிள்ளையும் இப்போதே சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.